நிறுத்தியது யார்

என் தங்கைக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் அவள் தெருவிலேயே நாலு பேர் முழிப்பார்கள். பஸ்ஸர் அக்கா என்று கேளுங்கள், கையைப் பிடித்து அழைத்துவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். வயது நாற்பத்தாறு. ஒரு கார், ஒரு சின்ன அறை, அறையில் ஒரு மேஜை, சுவரில் சாலைக் குறிகள் அச்சடித்த அட்டை. அவ்வளவுதான் அவளுடைய பள்ளி. இந்த மாதிரிக் கார்களில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் சொல்லிக்கொடுக்கிறவர் அங்கிருந்தே வண்டியை நிறுத்திவிடலாம். மற்ற பள்ளிகளில் இது சத்தமில்லாமல் நடக்கும். ஓட்டியவர் தானே நிறுத்தியதாக நினைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு இறங்கிப் போவார். என் தங்கைக்கு அது ஆகாது. அவள் தன் பக்கத்து பிரேக்கில் கால் வைத்தால் கார் முழுக்க அதிரும்படி ஒரு பஸ்ஸர் அலறும்.

"நிறுத்துனது யாருன்னு தெரியணும் அண்ணா. அது தெரியாம லைசென்ஸ் வாங்கிட்டுப் போனா, நாளைக்குத் தனியா ஓட்டும்போது யார் வந்து நிறுத்துவா?" என்பாள்.

அவள் வண்டியில் ஒரு மணி நேரம் பஸ்ஸர் சத்தம் கேட்காமல் ஓட்டிக் காட்டினால்தான் லைசென்ஸ் பரீட்சைக்கு அனுப்பக் கையெழுத்துப் போடுவாள். ஐம்பத்தொன்பதாவது நிமிஷத்தில் அலறினாலும் மறுபடி முதலிலிருந்துதான். தையல்கார அம்மா ஒருவர், வயது அறுபத்தொன்று, ஐந்து மாதமாக அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்ட முடியாமல் தவிக்கிறார். கெஞ்சிப் பார்த்தார், கோபித்துக்கொண்டார், வேறு பள்ளிக்குப் போகிறேன் என்று மிரட்டினார். என் தங்கை அசையவில்லை. அந்த அம்மாவும் வேறு எங்கும் போகவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த பஸ்ஸரை மாட்டிக் கொடுத்தவன் நான். நான் கார் எலெக்ட்ரீஷியன். வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர். வாய் கொஞ்சம் நீளம் என்றும் பெயர். அவள் கேட்ட சத்தத்துக்குச் சாதாரண பஸ்ஸர் போதாது என்பதால், லாரி பின்னால் வரும்போது கத்துமே, அந்த ரகத்தில் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் புதிதாக இழுக்கிற எந்தக் கம்பியிலும் நுனிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முடிச்சு இருக்கும். பத்து வருஷம் கழித்து வண்டி திரும்பி வந்தாலும் எது கம்பெனி போட்டது, எது நான் போட்டது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். எவனோ செய்த குளறுபடியை என் தலையில் கட்டிவிடக் கூடாதே என்கிற முன்ஜாக்கிரதை.

இந்த வண்டிதான் ஆறு மாதமாக அவளைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், சொல்லாமல் கொள்ளாமல் இன்ஜின் அணைந்துவிடும். பத்து நிமிஷம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி கிளம்பும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில் இன்ஜின் அணைவது ஒரு சமாச்சாரமே இல்லை. கிளட்சை வெடுக்கென்று விட்டால் அணையும், கிளட்சை மிதிக்காமல் பிரேக் போட்டால் அணையும். ஒரு நாளைக்கு இருபது தடவை அணைகிற வண்டியில் இருபத்தோராவது தடவையை யார் கவனிப்பார்கள்? முதல் சில மாதங்கள் அவளும் பழியைக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் மேல்தான் போட்டாள். தையல்கார அம்மா ஒருநாள் அழுதேவிட்டாராம்.

பிறகு அவளுக்கே சந்தேகம் வந்தது. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். ஏற்கெனவே நின்றதை ஞாபகத்திலிருந்து எழுதினாள். அதற்குப் பிறகு நின்றதை நின்ற இடத்திலேயே எழுதினாள். தேதி, நேரம், இடம், ஓட்டியது யார், நிறுத்தியது யார் என்று பத்தி பிரித்து, கோடு போட்டு. அதை என்னிடம் நீட்டினாள்.

"நோட்டெல்லாம் உன் பள்ளிக்கூடத்துல வச்சுக்கோ. வண்டியை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்: முதலில் பெட்ரோல் பம்ப் என்றேன், மாற்றினேன். வண்டி மறுபடி நின்றது. பிறகு இன்ஜின் சுற்றுவதைக் கணக்கெடுக்கும் சென்சார் என்றேன், மாற்றினேன். அதற்குப் பிறகும் நின்றது. மூன்றாவது தடவை பாலத்தின் நடு உச்சியில், பின்னால் ஒரு சிமென்ட் லாரி உறுமிக்கொண்டிருக்கும்போது நின்றது. அன்றைக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டர். அவர் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய், போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதிப் போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை காலை அவளுக்கு நோட்டீஸ் வந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சோதனை. இன்ஸ்பெக்டரே வண்டியை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பார். நடுவில் ஒரு தடவை இன்ஜின் நின்றாலும் பள்ளியின் அனுமதி ரத்து. மறுபடி விண்ணப்பிக்க இரண்டு வருஷம் ஆகும். அனுமதியை இந்தக் காரின் எண்ணுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்பதால் வேறு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தவும் வழியில்லை.

நோட்டீஸை நான் இரண்டு தடவை படித்தேன். பதினாலு வருஷம் இன்னொருவர் பள்ளியில் வேலை பார்த்து, ஒவ்வொரு மாதமும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, தனியாக அவள் ஆரம்பித்த பள்ளி இது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கைப்பையிலிருந்து ஒரு ஹேர் டிரையரை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள்.

"இது எதுக்கு? எனக்கு முடியே இல்லையே" என்றேன்.

"உனக்கு இல்ல, வண்டிக்கு. நோட்டைப் பாருன்னா நீ பாக்க மாட்டே. நானே சொல்றேன். காலையில எட்டு மணிக்கு ஒரு தடவைகூட நின்னதில்ல. எல்லாமே வெயில் ஏறின பிறகு. அப்ப ஏதோ ஒண்ணு சூடானாத்தான் கெடுது. எதுன்னு ஒவ்வொண்ணா சுட வச்சுப் பாரு."

எலெக்ட்ரீஷியன் நான். யோசனை அவளுடையது. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு பிளக்கைச் செருகினேன்.

இன்ஜினை ஓடவிட்டு, சூடு காட்டக் கூடியவற்றுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினேன். ரிலேக்கள் ஒன்றும் சொல்லவில்லை. இக்னிஷன் காயில் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் ஈசிஎம் பெட்டிக்கு வந்தேன். இன்ஜினுக்கு எப்போது பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று கட்டளையிடும் மூளை அதுதான். ஒரு கைக்கு அடங்கும் அலுமினியப் பெட்டி. இந்த வண்டியில் அது என் தங்கை உட்காரும் பக்கம், அவள் கால்வைக்கும் இடத்துக்கு மேலே, டாஷ்போர்டின் வயிற்றுக்குள் இருக்கிறது. தலைகீழாகப் படுத்துக்கொண்டு சூடு காட்டினேன். ஒன்பதாவது நிமிஷம் இன்ஜின் பட்டென்று அணைந்தது. பெட்டிமேல் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தேன். கிளம்பியது.

"போதும். பெட்டிதான்" என்றேன்.

"இன்னும் ரெண்டு தடவை" என்றாள். பம்பையும் சென்சாரையும் அவள் மறக்கவில்லை. இன்னும் இரண்டு தடவை சுட்டேன், இரண்டு தடவையும் அணைந்தது.

கம்பெனி ஷோரூமில் கேட்டால் புதுப் பெட்டி வர ஆறு வாரம் என்றார்கள். எங்களுக்கு இருந்தது நாலு நாள். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் விடியாததுமாக இருவரும் ஊருக்கு வெளியே உள்ள காயலான் கடைக்குப் போனோம். அடிபட்ட கார்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கும் பெரிய மைதானம் அது. கடைக்காரர் எனக்குப் பழக்கம். அலமாரியைத் துழாவி ஒரு பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார்.

என் தங்கை அதை வாங்கி, ஒட்டியிருந்த சீட்டையும் தன் நோட்டில் எழுதிவந்த எண்ணையும் விரல் வைத்துப் பார்த்தாள். "கடைசி எழுத்து வேற" என்றாள்.

"ஒரு எழுத்துதானேம்மா. மாட்டிப் பாருங்க, ஓடும்" என்றார் கடைக்காரர்.

"ஒரு எழுத்து மாறினா அது வேற இன்ஜினுக்குச் செஞ்சது. சரியா அண்ணா?"

"சரி" என்றேன். கடைக்காரர் என்னை ஒரு துரோகியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

மூன்று வரிசை தாண்டி, அதே மாடல் கார் ஒன்று இரண்டாவது அடுக்கில் கிடந்தது. பின்பக்கம் அடி வாங்கி நசுங்கியிருந்தது. முன்பக்கத்தில் கீறல்கூட இல்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவளே ஏறிவிட்டாள். மேலேயிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். கடைசி எழுத்துவரை ஒத்துப்போயிற்று. நான் ஏறிப் பெட்டியைக் கழற்றினேன்.

இத்தோடு முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் இந்தப் பெட்டிகளுக்கு ஒரு திமிர் உண்டு. தன் சாவியைத் தவிர வேறு சாவியை ஏற்றுக்கொள்ளாது. வேறு சாவியைப் போட்டால் இன்ஜின் சுற்றும், கிளம்பாது. அதனால் பெட்டியோடு சாவித்துளையையும், அதைச் சுற்றி சாவியை அடையாளம் காணும் வளையத்தையும், அந்தக் காரின் அசல் சாவியையும் குடும்பத்தோடு கொண்டுவர வேண்டும். சாவித்துளையும் வளையமும் வண்டியிலேயே இருந்தன. சாவி இல்லை.

"சாவியெல்லாம் அந்த டின்னுல கிடக்கும்மா. எது எந்த வண்டிக்குன்னு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்" என்றார் கடைக்காரர்.

பெரிய எண்ணெய் டின். முக்கால்வாசிக்குச் சாவி. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவள் டின்னைத் தரையில் கவிழ்த்தாள். அந்தக் கம்பெனிச் சின்னம் உள்ளவற்றை மட்டும் பொறுக்கி ஒரு பக்கம் ஒதுக்கினாள். அதுவே நூற்றுக்கு மேல் தேறியது. கழற்றிய சாவித்துளையை மடியில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் செருகித் திருப்பத் தொடங்கினாள். சேராததை வலது பக்கம் போட்டாள். கடைக்காரர் இரண்டு தடவை டீ கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாவது டீ ஆறிப்போன பிறகு ஒரு சாவி முழுதாகத் திரும்பியது.

"உங்க தங்கச்சியை இங்க வேலைக்கு அனுப்புங்களேன்" என்றார் கடைக்காரர் என்னிடம்.

"அனுப்பலாம். அப்புறம் கடை உங்களோடதா இருக்காது" என்றேன்.

அன்று சாயங்காலமே பாட்டரியைக் கழற்றிவிட்டு, பழைய பெட்டியை எடுத்து, அந்த இடத்தில் இதை மாட்டி, சாவித்துளையையும் வளையத்தையும் மாற்றினேன். பாட்டரியை இணைத்து அவள் சாவியைத் திருப்பினாள். முதல் சுற்றிலேயே கிளம்பியது. ஹேர் டிரையரை இருபது நிமிஷம் காட்டினேன். இன்ஜின் அசரவே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போய் என் மனைவியிடம், ஷோரூம்காரன் ஆறு வாரம் கேட்டதை ஒரே நாளில் முடித்தேன் என்று அளந்தேன்.

"நாத்தனார் முடிச்சாங்கன்னு சொல்லுங்க" என்றாள் அவள்.

புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு போன் வந்தது. தங்கையின் குரல் தட்டையாக இருந்தது.

"நின்னுடுச்சு."

"எங்க?"

"பூங்கா முனையில. தையல் அம்மா ஓட்டினாங்க. சைக்கிள்காரன் குறுக்க வந்தான். நான் பிரேக் போட்டேன். இன்ஜின் போச்சு."

"அந்தம்மா கிளட்சை மிதிச்சிருக்க மாட்டாங்க. அதான் அணைஞ்சிருக்கும்" என்றேன்.

"அண்ணா, கிளட்சையும் சேத்து நான்தான் மிதிச்சேன். எப்பவும் நான் ரெண்டையும் சேத்துதான் மிதிப்பேன். அப்படி மிதிச்சா அணையக் கூடாது. இது எனக்கு இத்தனை நாள் தோணாமப் போச்சே."

வண்டி என் ஷெட்டுக்கு வந்தபோது பின் இருக்கையில் தையல்கார அம்மாவும் உட்கார்ந்திருந்தார். முடிவு தெரியாமல் வீட்டுக்குப் போக மாட்டேன் என்றாராம். அவருக்கும் இதில் தீர வேண்டிய ஒரு கணக்கு உண்டு என்று நான் அப்போது யோசிக்கவில்லை. என் தங்கை நோட்டுப் புத்தகத்தைத் திறந்து என் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"இப்பவாவது படி."

படித்தேன். முப்பத்தொரு வரி. கடைசிப் பத்தியின் தலைப்பு, நிறுத்தியது யார். முதல் பக்கத்தில் எல்லாம் பெயர்கள்: தையல் அம்மா, கிளட்ச் தப்பு. பல் டாக்டர், கிளட்ச் தப்பு. வங்கிக்காரர், கிளட்ச் தப்பு. அடுத்த பக்கத்தில் பெயர்கள் குறைந்து கேள்விக்குறிகள் வந்தன. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் சின்னதாக "ப" என்று எழுதியிருந்தாள். பஸ்ஸர். முப்பத்தொன்றிலும் இருந்தது.

"பஸ்ஸர் கத்துனாத்தான் நிக்குது. கத்தாம ரோட்டுல ஒரு தடவைகூட நிக்கல" என்றாள்.

"அப்ப பஸ்ஸரைக் கழட்டிடலாம்" என்றேன் உடனே. "சட்டத்துல பஸ்ஸர் வேணும்னு எங்கயும் இல்ல. வெள்ளிக்கிழமை தப்பிச்சுக்கலாம்."

"பஸ்ஸர் இருக்கும். இன்ஜினும் ஓடும். ரெண்டும் வேணும் எனக்கு."

"ஒத்தக் கால்ல நின்னா எப்படி? அனுமதி போயிடும் பாத்துக்கோ!"

"கத்தாதே. எனக்குக் காது கேக்குது. பஸ்ஸர் கம்பி எங்க போகுதுன்னு மட்டும் பாரு."

முணுமுணுத்துக்கொண்டே படுத்தேன். அவள் பக்கத்துப் பிரேக்கிலிருந்து மஞ்சள் கம்பி மேலே போனது. விரலால் தடவிக்கொண்டே போனேன். பஸ்ஸருக்குப் போய், அங்கிருந்து இன்னொரு மஞ்சள் கம்பியாகக் கிளம்பி, கார்ப்பெட்டுக்குள் புகுந்து, காரின் உடம்பில் இருந்த ஒரு போல்ட்டில் முடிந்தது. எந்த மின்சாரமும் வேலை செய்துவிட்டுத் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். அதை நாங்கள் எர்த் என்போம். அந்த போல்ட் ஈசிஎம் பெட்டியின் எர்த். மூளைக்கென்று கம்பெனி தனியாகக் கொடுத்த வழி. அதை நெகிழ்த்தி, அடியில் என் மஞ்சள் கம்பியைச் செருகி, மறுபடி முடுக்கியிருந்தது. அரையும் குறையுமாக உட்கார்ந்த போல்ட் எட்டு வருஷத்தில் துருவேறி ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை அந்த லாரி பஸ்ஸர் கத்தும்போதும் அதன் மின்சாரம் முழுதும் மூளையின் வழியில் போய் முட்டியிருக்கிறது. முட்டி முட்டி ஒரு பெட்டியைக் கெடுத்தாயிற்று. இரண்டாவதைக் கெடுக்கத் தொடங்கியிருக்கிறது.

கம்பியின் நுனிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முடிச்சு இருந்தது.

எட்டு வருஷத்துக்கு முந்தைய அந்த மத்தியானம் எனக்கு நினைவுக்கு வந்தது. தனியாக ஒரு துளை போட்டிருக்க வேண்டும். டிரில் எடுக்க எழுந்து போகச் சோம்பல். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு போல்ட் இருந்தது. தங்கச்சி வண்டிதானே என்று நினைத்தேன். வெளியார் வண்டியாக இருந்தால் எழுந்து போயிருப்பேன்.

டாஷ்போர்டுக்கு அடியில் என் தலை இருந்தது. அவர்களுக்கு என் கால்கள் மட்டும்தான் தெரியும். கம்பியை உருவி, முடிச்சை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு, போல்ட்டை இறுக்கிவிட்டு, லூஸ் காண்டாக்ட், சரியாயிடுச்சு என்று எழுந்திருக்கலாம். எழுந்திருக்கத்தான் நினைத்தேன், அதை மறைக்கவில்லை. வெட்டுகிற கத்தரி கையில் இருந்தது. ஆனால் நிறுத்தியது யார் என்று கோடு போட்டு எழுதிய அந்தப் பத்தி கண்ணைவிட்டுப் போக மறுத்தது. அதில் தையல் அம்மாவின் பெயர் ஒன்பது தடவை இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த அளவுக்கு நான் அதற்கு முன்பு வெட்கப்பட்டதில்லை.

வெளியே வந்து உட்கார்ந்தேன். "நான்தான்" என்றேன்.

"என்ன நான்தான்?"

"என் முடிச்சு. பஸ்ஸரோட எர்த்தைப் பெட்டியோட எர்த்துல கொண்டுபோய் மாட்டியிருக்கேன். தப்பு. முதல் பெட்டி செத்ததும் அதனாலதான்."

தையல்கார அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப நான் கிளட்சு சரியாத்தான் மிதிச்சேனா?" என்று கேட்டார்.

"சரியாத்தான் மிதிச்சிருக்கீங்க அம்மா" என்றாள் என் தங்கை. அவள் முகம் கறுத்துப் போயிருந்தது. "உங்களைத் திட்டினேன். அழ வச்சேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் பூமி பிளக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "நாளைக்குள்ள சரி பண்ணு. கோபத்தை வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வச்சுக்கறேன். இப்ப அதுக்கு நேரமில்ல."

காயலான் கடையில் வாங்கிய அந்த மூளையிடம் கெஞ்சிப் பயனில்லை. வேலையைத்தான் செய்ய முடியும். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ஷெட்டைத் திறந்தேன். பெட்டியின் எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, தகரம் பளபளக்கும்வரை தேய்த்து, புது போல்ட் போட்டு இறுக்கினேன். பஸ்ஸருக்கு வண்டியின் மறுகோடியில் தனித் துளை போட்டேன், இந்த முறை எழுந்து போய் டிரில் எடுத்துவந்து. பஸ்ஸர் அணையும்போது மின்சாரம் எதிர்த்து உதைக்காமல் இருக்க அதன் குறுக்கே ஒரு டயோடு வைத்தேன். கம்பியில் முடிச்சுப் போடக் கை போனது. போட்டேன். தப்பு நடந்தால் இன்னொரு தடவையும் தெரிய வேண்டும் அல்லவா.

மீட்டரை வைத்து பஸ்ஸரை அலறவிட்டுப் பார்த்தேன். முள் அசையவில்லை. அவளிடம் காட்டினேன். அவளுக்கு மீட்டர் போதவில்லை.

"நீ ஓட்டு. நான் பிரேக் போடறேன். நோட்டுல எத்தனை வரியோ அத்தனை தடவை."

வெயில் உச்சிக்கு வரும்வரை காத்திருந்து கிளம்பினோம். பாலம், பூங்கா முனை, ரயில்வே கேட் என்று நோட்டில் இருந்த வரிசையிலேயே போகச் சொன்னாள். ஒவ்வோர் இடத்திலும் பிரேக் போட்டாள். பஸ்ஸர் அலறியது. ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் வந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. முப்பத்தொன்று முடிந்தபோது என் காது அடைத்துப்போயிருந்தது. வீடு வந்த பிறகும் என் மனைவி சொன்னது பாதி விழவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். தடித்த கண்ணாடி, அட்டையில் செருகிய படிவம், சிரித்தே பழக்கமில்லாத வாய். அவர் ஓட்டினார். பக்கத்தில் என் தங்கை. பழுது பார்த்தவன் என்கிற முறையில் என்னையும் வரச் சொன்னார். பின் இருக்கையில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தார், பின்னால் எடுத்தார், வேகமாகப் போய்ச் சட்டென்று நின்றார். ஐம்பது நிமிஷம். வண்டி வாயைத் திறக்கவில்லை. திரும்பும் வழியில் படிவத்தை ஸ்டீயரிங்மேல் வைத்து எதையோ குறித்துக்கொண்டே ஓட்டினார். எனக்கு மூச்சு வந்தது.

பூங்கா முனையில் நிறுத்தக் கோடு வந்தது. ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு சாலையில் இறங்கினாள். இன்ஸ்பெக்டரின் கண் படிவத்தில் இருந்தது.

என் தங்கை இரண்டு கால்களாலும் மிதித்தாள்.

பஸ்ஸர் அலறியது. கார் குலுங்கி, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பேனா கீழே விழுந்தது. அந்தப் பெண் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எதையோ சொல்லிவிட்டு, தள்ளுவண்டியோடு அந்தப் பக்கம் போனாள். போச்சு, எல்லாம் போச்சு, ஐம்பது நிமிஷம் சமர்த்தாக இருந்துவிட்டு இன்ஸ்பெக்டர் தலையிலேயே கையை வைத்தாயிற்று என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது: இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டரின் காது சிவந்திருந்தது. "இது என்ன சத்தம்?" என்றார்.

"நான் பிரேக் போட்டா இது கத்தும் சார்" என்றாள் என் தங்கை. "நிறுத்துனது யாருன்னு ஓட்டறவங்களுக்குத் தெரியணும்."

அவர் குனிந்து பேனாவை எடுத்தார். தள்ளுவண்டி போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தெரிஞ்சுதும்மா" என்றார். படிவத்தைப் பின் இருக்கையில் என்னிடம் நீட்டிவிட்டு, இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து மீதிப் பத்து நிமிஷத்தை ஓட்டி முடித்தார். அலுவலக வாசலில் வண்டியை அணைத்த பிறகுதான் படிவத்தைக் கேட்டு வாங்கி, அனுமதி தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் உள்ளே போன பிறகு என் தங்கை நோட்டுப் புத்தகத்தை எடுத்து முப்பத்திரண்டாவது வரியை எழுதினாள். தேதி. பத்து ஐம்பது. பூங்கா முனை. ஓட்டியது, இன்ஸ்பெக்டர். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பிரேக் போட்டது, நான். எழுதி முடித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். தையல் அம்மாவிலிருந்து பல் டாக்டர் வரை எல்லோருக்கும் இன்றைக்கே போன் செய்யப் போவதாகவும், போனில் பேசப் போவது நான்தான் என்றும் சொன்னாள்.

பக்கத்தைத் திருப்பினேன். நிறுத்தியது யார் என்ற பத்தியில் முப்பத்தொரு வரியிலும் பழைய பெயர்களையும் கேள்விக்குறிகளையும் ஒற்றைக் கோடு போட்டு அடித்திருந்தாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும், பள்ளிக்கூடப் பிள்ளை தண்டனைக்கு எழுதுவதைப் போல நிறுத்தி நிதானமாக, அண்ணன், அண்ணன், அண்ணன் என்று எழுதியிருந்தாள்.